பழைய காயத்துக்கும் ஆஸ்பத்திரி உண்டு!



இட ஒதுக்கீடு பற்றியும் வக்ஃபு சொத்துக்கள் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் முகத்தில் கிடக்கும் ஒரு தழும்பைப் பற்றி எழுதுகிறார்களே என்று சிலர் நினைக்கக்கூடும். நினைத்துவிட்டுப் போகட்டும். அவரவர் மஹல்லாவில் ஒரு தெருவை மட்டும் நடந்து பாருங்கள். சிறு வயதில் திண்ணையிலிருந்து மோவாய் அடிபட விழுந்து, தாடை இறுகி, இருபது வயதாகியும் வாய் திறக்க முடியாமல் கஞ்சியும் ரசமும் குடித்தே வாழும் இளைஞர் ஒருவர் அங்கே இருப்பார். ஸ்டவ் வெடித்து முகம் வெந்து, கீழ் இமை கன்னத்தோடு இழுபட்டு, தூங்கும்போதும் கண்ணை மூட முடியாத ஒரு சகோதரி இருப்பார். மோட்டார் சைக்கிள் விபத்தில் கன்ன எலும்பு உள்ளே போய், பார்ப்பதெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிற ஒரு கடைப் பையன் இருப்பார். இவர்கள் கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. வந்தாலும் பந்தியில் உட்காருவதில்லை.

ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "அது பழைய காயமாச்சே, இனிமேல் என்ன செய்வது?" என்பார்கள். "அதெல்லாம் பிளாஸ்டிக் சர்ஜரி, லட்சக்கணக்கில் ஆகும்" என்பார்கள். அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்றால், "அங்கே போனேன், ஆறு மாதம் கழித்து வா என்று விரட்டிவிட்டார்கள்" என்பார்கள். சொல்லிவிட்டு, அல்லாஹ் நாடியது இதுதான் என்று பெருமூச்சு விடுவார்கள்.

இந்தப் பதில்கள் எல்லாமே தவறானவை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் 'பிளாஸ்டிக்' என்ற சொல்லே நம் மக்களை மிரட்டுகிறது. ஏதோ நெகிழியைக் கொண்டுவந்து முகத்தில் ஒட்டுவார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உருக்கொடுத்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒட்டுவது உங்கள் உடம்பிலிருந்தே எடுத்த தோலும் சதையும்தான். இன்னொரு மயக்கம், அது சினிமாக்காரர்களுக்கான வைத்தியம் என்பது. முதல் உலகப் போரில் குண்டுபட்டு முகம் சிதைந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1917-ல் இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையே திறந்தார்கள். ஹரால்டு கில்லீஸ் என்ற டாக்டர் அங்கே செய்த வேலைதான் இன்றைய முக அறுவை சிகிச்சைக்கு அஸ்திவாரம். சாப்பிடவும் பேசவும் மூச்சு விடவும் முடியாமல் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைக்கத்தான் இந்த வைத்தியம் வளர்ந்தது. மூக்கைத் திருத்திக்கொள்ள வந்த பணக்காரர்களெல்லாம் பின்னால் வந்தவர்கள்.

அடுத்தது பணம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-ல் டாக்டர் ஆர்.வெங்கடஸ்வாமி கைக் காயங்களுக்காகத் தொடங்கிய பிரிவு, இன்று கைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குமான பெரிய நிலையமாக நிற்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைத் தெரியாதவர்கள் குறைவு. சென்னை ஜி.எச்.சில் உண்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உண்டு. அதே சென்னையில், 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் ஆஸ்பத்திரியில் முகத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தாடை எலும்பு, கன்ன எலும்பு, தாடை மூட்டு ஆகியவற்றுக்கான அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பயிற்சி பெற்ற டாக்டர்கள் இருப்பது அங்கேதான். தோலும் இமையும் உதடும் கெட்டிருந்தால் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு. எலும்பும் வாயும் கெட்டிருந்தால் பல் மருத்துவக் கல்லூரி. இந்த ஒரு விவரம் தெரியாமல் வருடக்கணக்கில் தவறான வரிசையில் நின்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இங்கெல்லாம் ஓ.பி. சீட்டு வாங்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. உங்கள் வருமானம் எவ்வளவு என்று வாசலில் யாரும் கேட்பதுமில்லை.

இனி, எது முக்கியமோ அதற்கு வருவோம். ஓ.பி.யில் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "முகம் அசிங்கமா இருக்கு டாக்டர், சரி பண்ணணும்" என்கிறார்கள். நூறு பேர் வெளியே நிற்கும்போது இதைக் கேட்கும் டாக்டர், அழகு சம்பந்தப்பட்ட கேஸ் என்று முடிவு செய்துகொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். நீங்கள் அப்படிச் சொல்லக் கூடாது. எது வேலை செய்யவில்லை என்பதைச் சொல்லுங்கள். வாய் எத்தனை விரல் திறக்கிறது? சாதாரணமாக ஒருவருக்குத் தன் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்கும் அளவுக்குத் திறக்க வேண்டும். உங்களுக்கு ஒரு விரல்தான் என்றால் அதைச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொன்னால் இடைவெளி தெரிகிறதா? காலையில் எழுந்தால் கண் சிவந்து எரிகிறதா? மூக்கின் ஒரு பக்கம் அடைத்தே கிடக்கிறதா? தண்ணீர் குடித்தால் உதட்டோரம் வழிகிறதா? இதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் உடம்பின் உண்மை நிலவரம் இதுதான். நாம்தான் வெட்கப்பட்டு அதை மறைத்துவிட்டு, அழகைப் பற்றிப் பேசி வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கிறோம்.

மூடாத இமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண் மூடவில்லை என்றால் கருவிழி காய்கிறது. காய்ந்த கருவிழியில் புண் வருகிறது, புண் ஆறினால் வெள்ளையாக வடு விழுகிறது, பார்வை போகிறது. காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து இமையில் ஒட்டினால் தடுத்திருக்கலாம். முகத்தைச் சரிசெய்யும் ஆபரேஷன்களில் இது பெரிய ஆபரேஷனும் அல்ல. அதைச் செய்யாமல் விட்டு ஒரு கண்ணையே இழப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால், அந்தச் சொல்லை நாம் கேவலப்படுத்துகிறோம்.

"ஆறு மாதம் கழித்து வா" என்ற பேச்சையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பல சமயம் அது விரட்டுவது அல்ல, வைத்தியம்தான். புதிதாக ஆறிய தழும்பு சிவந்து, தடித்து, இறுகி இருக்கும். அது பக்குவப்பட்டு இளக ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். அதற்குள் கத்தி வைத்தால் பலன் கெடும் என்பதால் டாக்டர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். (இமை மூடாத கேஸ் மட்டும் இதற்கு விலக்கு, கண்ணைக் காப்பாற்றக் காத்திருக்க முடியாது.) ஆனால் காயம் பத்து வருடத்துக்கு முந்தியது என்றால் தழும்பு எப்போதோ பக்குவப்பட்டுவிட்டது. அவரையும் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தத் தேதி, எந்த யூனிட், என்ன ஆபரேஷன் என்பதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன தேதி காற்றோடு போகும். எழுதிய தேதியை அடுத்த டாக்டரும் படிப்பார்.

தேதி கிடைத்த பிறகும் தள்ளிப்போகும், அதையும் எதிர்பாருங்கள். ஆபரேஷனுக்குச் சாப்பிடாமல் படுத்திருக்கும்போது விபத்தில் அடிபட்ட ஒருவரை ரத்த வெள்ளத்தில் கொண்டுவந்தால், தியேட்டர் அவருக்குத்தான். டாக்டர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செய்வோம். கோபப்பட வேண்டியது, பழைய கேஸ்களுக்கென்று தனி நாளும் தனி மேசையும் ஒதுக்காத நிர்வாகத்தின் மீது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆபரேஷன் செய்தால் தழும்பு இருந்த இடமே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தழும்பை இடம் மாற்றலாம், திசை மாற்றலாம், மெலிதாக்கலாம். இல்லாமல் ஆக்க முடியாது. சிலருடைய உடல்வாகில் வெட்டிய இடம் முன்பைவிடப் பெரிதாகத் தடித்து வளரும். அவர்களுக்கு முதலில் ஊசிதான் போடுவார்கள். கன்ன எலும்பு உடைந்த முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தால் எளிதாகப் பொருத்தலாம். வருடக்கணக்கில் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டால் மீண்டும் வெட்டித்தான் பொருத்த வேண்டும். இறுகிப்போன தாடையில் ஒட்டிய எலும்பை அகற்றிவிடுவார்கள். ஆனால் அதன்பிறகு மாதக்கணக்கில், வலித்தாலும், தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்யாவிட்டால் மறுபடி இறுகிக்கொள்ளும். வாய் திறக்காதவருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது சுவாசக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்த வேண்டியிருப்பதால் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இது முடியாது. பெரிய இடத்துக்கு அனுப்புவதன் காரணம் அதுதான். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒட்டிய தோல் பிடிக்காமல் போகும் ஆபத்து அதிகம். தேதி வாங்கிய அன்றே அதை நிறுத்துங்கள்.

காகிதங்கள் விஷயத்தில் நம் மக்களின் அலட்சியம் தனிக்கதை. முதலில் அடிபட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஏ.ஆர். காப்பி, பழைய எக்ஸ்ரே எல்லாம் வீட்டுப் பரணில் இருக்கிறதா பாருங்கள். காணாமல் போயிருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கே போய் நகல் கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழும் கேட்கலாம். அடிபடுவதற்கு முன் எடுத்த ஒரு போட்டோவும் கையில் இருக்கட்டும். முகம் எப்படி இருந்தது என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் வேறு பெயரில் தொடங்கி, 2012 ஜனவரியில் இந்தப் பெயரைப் பெற்று, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் கார்டு வாங்கலாம். அரசு மருத்துவமனையிலும் இந்தக் கார்டைக் கேட்பார்கள், கொடுங்கள். எலும்பைப் பொருத்தும் டைட்டானியம் தகடு போன்றவற்றின் செலவை இதிலிருந்து சரிக்கட்ட வழி இருக்கிறது. இதுபோன்ற திட்டங்களின் விதிகள் அழகுக்காகச் செய்வதை ஒதுக்கி வைக்கின்றன. விபத்தினாலோ நோயினாலோ அவசியமாகும் பிளாஸ்டிக் சர்ஜரியை அப்படி ஒதுக்குவதில்லை. அங்கே கேள்வி, காரணம் விபத்தா என்பதுதான். விபத்து நேற்று நடந்ததா, பத்து வருடத்துக்கு முன் நடந்ததா என்பதல்ல. டாக்டர் எழுதும் குறிப்பில் 'விபத்தின் விளைவு' என்ற சொல் இடம்பெற்றிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

அமிலம் வீசப்பட்டவர்களுக்குச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2013 முதல், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவிலும் அது இருக்கிறது. லட்சுமி வழக்கில் 2013-ல் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2015-ல் இன்னும் தெளிவாக, சிகிச்சை என்றால் முதலுதவி மட்டும் அல்ல, முகத்தைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைகளும் அடங்கும் என்றது. முதலில் சிகிச்சை தந்த மருத்துவமனை ஒரு சான்றிதழ் தர வேண்டும், அதை வைத்துப் பிற்காலச் சிகிச்சைகளையும் பெறலாம் என்றும் சொன்னது. ஆக, பழைய காயத்துக்கு உரிமை உண்டு என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு வகையினர் விஷயத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அப்படியானால் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சரியான காரியம், வரவேற்கிறோம். ஆனால் விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலையில் முகம் வெந்த தொழிலாளிக்கும், அடுப்பில் வெந்த பெண்ணுக்கும் அப்படி ஓர் இடம் பெயர் சொல்லித் தரப்படவில்லை. வெந்த முகம் ஒன்றுதான். எதனால் வெந்தது என்று பார்த்தா உரிமை தருவது? 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்கிறது. உயிர் பிழைக்க வைக்கும் நல்ல திட்டம். 49-வது மணி நேரத்திலிருந்து அவர் அந்த முகத்தோடு வாழ வேண்டுமே, அதற்கு யார்? 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ராமநாதபுரமும் விருதுநகரும் அதில் உண்டு. அங்கெல்லாம் மாதம் இரண்டு நாளாவது மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒருவர் வந்து பழைய காயங்களைப் பார்த்து, தேதி கொடுத்து அனுப்பக் கூடாதா? ராமநாதபுரத்துக்காரர் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், "அடுத்த வாரம் வா" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்பும் நிலை மாற வேண்டும். இதை நாம் அரசிடம் கோரிக்கையாகவே வைக்கிறோம்.

இனி மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் தடை. 'அல்லாஹ்வின் படைப்பை மாற்றக் கூடாது' என்று சில பெரியவர்கள் இந்த ஆபரேஷன்களையே தடுக்கிறார்கள். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதையும் பச்சை குத்துவதையும் நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள், உண்மை. அதே நபி (ஸல்) அவர்களிடம் அர்ஃபஜா (ரலி) என்ற தோழர் வந்த செய்தியை ஏன் சொல்வதில்லை? அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவருடைய மூக்கு போய்விட்டது. வெள்ளியில் மூக்கு செய்து வைத்துப் பார்த்தார். அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பது நம் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். அந்தத் தடையையே ஒரு மனிதனின் முகத்துக்காகத் தளர்த்தினார்கள்! காயமோ இஸ்லாத்துக்கு முந்திய காலத்துப் பழைய காயம். இத்தனை காலம் கழித்து இப்போது எதற்கு என்று அவரை யாரும் கேட்கவில்லை. சிதைந்ததைச் சரிசெய்வதற்கும், சரியாக இருப்பதை அழகுக்காகச் சிதைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதைவிடத் தெளிவாக வேறு எங்கே கிடைக்கும்?

நம் வீட்டுப் பெண்களின் விஷயம் இதைவிட வேதனையானது. "அவள்தான் முகத்தை மூடிக்கொண்டு போகிறாளே, யார் பார்க்கப்போகிறார்கள், ஆபரேஷன் எதற்கு?" என்று ஒரு தந்தை கேட்டதை நாமே காதால் கேட்டோம். புர்கா கண்ணியத்துக்காக. வெந்த முகத்தை வைத்தியம் பார்க்காமல் ஒளித்து வைப்பதற்காக அதை அல்லாஹ் தரவில்லை. மூடாத இமையால் பார்வை போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, பிறர் பார்க்கிறார்களா என்பதா பிரச்சினை? அவளால் பார்க்க முடிகிறதா என்பதல்லவா பிரச்சினை! சிகிச்சைக்காக மருத்துவரிடம் முகத்தைக் காட்டுவதற்கு மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துச் செல்லுங்கள், முடிந்தது.

வியாபாரிகளே! உங்கள் கடையில், கோடவுனில், லாரியில் அடிபட்ட பையனுக்கு ஐயாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் இலவசம். அவனுக்கு உண்மையில் தேவைப்படுவது, நான்கைந்து முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வரச் சம்பளத்தோடு லீவு, பஸ் காசு, கூடத் தங்குகிறவருக்குச் சாப்பாடு. ஆபரேஷன் முடிந்து முகத்தில் கட்டோடு வரும்போது, "கஸ்டமர் பயப்படுவாங்க" என்று பின்கட்டு வேலைக்குத் தள்ளாமல் இருப்பது. பைத்துல்மாலில் பணம் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆளுக்கு இரண்டு லட்சம் கொடுப்பதற்கு முன், அதே பணத்தில் எத்தனை ஏழைகளை மதுரையிலும் சென்னையிலும் ஒரு மாதம் தங்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இளைஞர்களே, உங்களிடம் கேட்பது உடல் உழைப்பு. காலை ஏழு மணிக்கு ஓ.பி. வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். டாக்டர் எழுதியதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஸ்கேன் எடுக்கும் இடம் எங்கே, ரத்தப் பரிசோதனை எங்கே என்று ஓடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். ரத்தம் கொடுக்க ஓடும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியம் அல்ல. ஆனால் ரத்தம் கொடுப்பது ஒரு மணி நேர வேலை, இது ஒரு வருட வேலை. நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர் ஆரம்பத்திலேயே வராமல் இருப்பது நல்லது. பயிற்சி செய்யாமல் தாடை மறுபடி இறுகிப் போனவருடைய வீட்டுக்கு இரண்டாம் தடவை நம்பிக்கை சொல்லிப் போவது எவ்வளவு சிரமம் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

வரும் ஜும்ஆவுக்குப் பிறகு ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு போடுங்கள். பெயர், வயது, எந்த வருடம் அடிபட்டது, வாய் எத்தனை விரல் திறக்கிறது, கண் மூடுகிறதா, கார்டு இருக்கிறதா என்று எழுதுங்கள். பெண்களின் விவரத்தைப் பெண்களே எடுக்கட்டும். நோட்டு ஊர் சுற்ற வேண்டாம், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். நம் தெருவில் குடியிருக்கும் மாற்று மத சகோதரர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பெயரும் அதில் வர வேண்டும். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். ஆஸ்பத்திரியில் எழுதித் தர மறுத்தால், ஓ.பி. சீட்டின் நகலை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். கூட்டம் அதிகமாக இருக்கும், ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.